பிஸ்கட் டின்னில் பதினொரு கார்கள்

அவரிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார். குடையென்றால் விரித்து, கம்பிகளை எண்ணி, மறுபடி மடக்குவார். பையென்றால் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். பையைத் திறக்கும் சிப்பை மட்டும் தொடமாட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, கொப்பித் தாளில் கால்வாசியைக் கிழித்து ஒரு துண்டு எழுதுவார். "குடை ஒன்று. கறுப்பு. ஒரு கம்பி வளைந்தது. பிடியில் சிவப்பு நூல்." எழுதியதை உரக்க வாசித்துவிட்டு, "சரிதானே?" என்று கேட்பார். சரி என்ற பிறகுதான் பொருள் மேசைக்குக் கீழே போகும்.

அந்தக் குடை என் அம்மாவுடையது. நான் அவரை முதன்முதலில் பார்த்ததும் அன்றுதான்.

கண்டி பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய கடை இருந்தது. அப்பியாசக் கொப்பி, குடை, பிளாஸ்டிக் வாளி, றப்பர் செருப்பு எல்லாம் விற்றார். ஆனால் கலஹாவிலிருந்தும் ஹேவாஹெட்டவிலிருந்தும் பஸ்ஸேறி வரும் எங்கள் ஆட்களுக்கு அது வாளிக் கடையாகத் தெரியவில்லை. கிளினிக்குக்கும் அடையாள அட்டை அலுவலுக்கும் வருகிறவர்கள் சுமையை இறக்கி வைக்கும் இடமாகத்தான் தெரிந்தது. அதற்கு அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை. "நானா கடையில குடுத்துட்டுப் போயேன்" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சொல்லாத ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவர் நானா, முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அவர் எழுதிய துண்டுகளில் பொருளின் அடையாளம்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. நானும் அவரைப் பற்றி அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஹேவாஹெட்ட ஆள் ஒருவர் ஒருமுறை பையொன்றைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். போன இடத்தில் அவரையே நோயாளியாக வாட்டில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது சந்து முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. பைக்குள் ஒரு கிலோ மீன்.

"ஐயோ நானா, நாத்தம் வந்தப்பவே தூக்கிப் போட்டிருக்கலாமே! பூனைக்காச்சும் வச்சிருக்கலாமே!"

"பூனையும் என்ட இல்ல, மீனும் என்ட இல்ல" என்றார் நானா. "துண்டுல 'பை, பச்ச, முடிச்சுப் போட்டது' எண்டுதான் ஈக்கி. முடிச்ச நான் அவுக்கல்ல. பாத்துக்கோங்க."

அந்த ஆள் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிப்போய் வாய்க்காலில் எறிந்தார். சந்தே சிரித்தது. நானா மட்டும் சிரிக்கவில்லை. அவர் துண்டைச் சரிபார்த்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ் வந்தபோது அதை எங்கே வைப்பதென்று வீட்டில் பெரிய யோசனை. எங்கள் லயக் காம்பராவின் கூரைத் தகரம் மூன்று இடத்தில் ஒழுகும். அம்மா என்னுடைய மூன்று சான்றிதழ்களையும் அரிசிப் பைக்குள் வைத்துச் சுற்றி, கண்டிக்குக் கொண்டுவந்து நானாவிடம் நீட்டினார்.

"மழ பேஞ்சா எங்க வீட்ல எதுவும் தங்காதுங்க நானா. புள்ளைக்கு வேல கெடைக்கிற வரைக்கும் நீங்களே வச்சிக்குங்க."

நானா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அதை வாங்கினார். மூன்று தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முதல் தாள், வலது மூலையில் ஒரு துளி ஈரம் பட்ட அடையாளம். வரும்போதே இருந்தது" என்று எழுதினார். பிறகு பொலித்தீன் பைக்குள் தாள்களைப் போட்டு, பையின் வாயை ஒரு இரும்புவாள் அலகின் மேல் மடித்து, மெழுகுதிரிச் சுவாலையில் ஓட்டினார். வாய் உருகி ஒட்டிக்கொண்டது. "இனிக் காத்தும் போகாது" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், கட்டுக்கலையிலிருந்த தன் வீட்டின் பின்னறையை எனக்குத் தந்தவரும் அவர்தான். பதிவுக்காகச் சான்றிதழ்களை வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தபோது, "ரெண்டாந் தாள்ல புதுசா ஒரு மடிப்பு விழுந்தீக்கி தம்பி" என்று சொல்லி அதையும் துண்டில் சேர்த்து, பையின் வாயை மறுபடி ஒட்டினார். என் சான்றிதழில் நான் விழுத்திய மடிப்புக்கு நானே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நானாவின் மனைவி காலமாகிவிட்டார். மகள் பரீனா பாலர் பாடசாலையில் படிப்பித்தார்; அக்கா முறையில் அவரை ராத்தா என்பேன். அவருடைய கணவருக்குக் கட்டாரில் வேலை. வீட்டில் பெரியதொரு அலுமாரி, அதன் மேல் ஒரு பிஸ்கட் டின். மூடியைச் சுற்றி மெழுகு வார்த்திருந்தது. தூசு தட்டும்போதெல்லாம் பரீனா ராத்தா எனக்குக் கேட்கும்படி சொல்வார்:

"இது என்ட மூத்த நானா, தம்பி. வாப்பாக்கு என்ன விட இவர்ல இரக்கம். எனக்கு ஏழு வயசில காய்ச்ச வந்து கெடக்கிறன், உம்மா சென்னா, 'ஒருக்காத் தொறந்து காட்டுங்களேன், புள்ளை பாத்துட்டுத் தரும்' எண்டு. வாப்பா ஈந்த எடத்தால எழும்பவே இல்ல."

"அமானிதம் மகள்" என்பார் நானா, பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்பித் தந்த சாமான். தந்த மாதிரியே குடுக்கணும்."

"ஓ ஓ. மீன் மாதிரி."

அந்த டின்னின் கதையை நானா ஒரே தடவைதான் சொன்னார். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இந்த வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். தகப்பன் வங்கியில் உத்தியோகம். கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. அவர்கள் அகதி முகாமுக்குப் புறப்பட்டார்கள், ஆளுக்கொரு பை. பத்து வயது மகன் குமரன் மழையில் நனைந்துகொண்டே மதிலடிக்கு ஓடிவந்து, ஒரு பிஸ்கட் டின்னை நானாவிடம் நீட்டினான். உள்ளே பதினொரு விளையாட்டுக் கார்கள். இங்கிலாந்தில் செய்த வார்ப்பு உலோகக் கார்கள், உள்ளங்கையளவு. தகப்பன் கொழும்பிலிருந்து ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் பள்ளிக்கூடப் பரிசளிப்பு நாளுக்கும் வாங்கி வந்தவை. "வந்து எடுக்கிறன் நானா" என்றானாம்.

"அண்டைக்கு மனிசருக்கு ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு தம்பி" என்றார் நானா. "அவங்கட வீட்ட எரிச்சாங்க. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நிண்டு பாத்துக்கிட்டு ஈந்தேன். என்ட கையில ஈந்தது இந்த டின் மட்டுந்தான்."

அன்றே அவர் உட்கார்ந்து ஒவ்வொரு காரையும் துடைத்திருக்கிறார். கடைக்கு வந்த சாமான் பெட்டியிலிருந்த மஞ்சள் ஸ்பொஞ்சை வெட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி, பொலித்தீனில் போட்டு, மெழுகுதிரியில் வாயை ஒட்டி, நடுவே பூச்சி உருண்டை நாலு வைத்து, டின்னை மூடி மெழுகு வார்த்திருக்கிறார். பிறகு திறக்கவே இல்லை.

நான் மூன்றாம் வருடம் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. யார் யாரையோ விசாரித்து, கடைசியில் பள்ளிவாசல் மூலம் இலக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறார் அந்தக் குமரன். அடுத்த மாதம் வருகிறாராம். நானா தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டே பேசினார். "ஈக்கி, ஈக்கி. தந்த மாதிரியே ஈக்கி" என்று நாலு தடவை சொன்னார். வைத்த பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து, வெள்ளைத் தொப்பியோடேயே, டின்னை இறக்கினார். "ஒருக்காத் தொடச்சி வைப்போம்" என்றார். பரீனா ராத்தா மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். முப்பத்தைந்து வயதில் அவர் குழந்தை மாதிரிக் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

மெழுகைக் கீறி மூடியைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வந்தது. புகைச்சலான, கண்ணைக் கரிக்கும் வாடை. நானா முதல் பொலித்தீனை வெட்டினார். உள்ளே ஸ்பொஞ் என்று ஒன்றும் இல்லை. கித்துள் வெல்லப் பாணி காய்ந்து போனதுபோல் ஒரு பழுப்புப் பசை. அதைப் பிரிக்க இழுத்தபோது காரின் சிவப்பு பெயின்ட் தோலாக அதோடு வந்தது. வராத இடங்களில் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள். ஒரு கொப்புளத்தை விரல் தொட்டதும் அது உதிர்ந்தது. அடியில் உலோகத்தில் வெள்ளைப் பூஞ்சணம்போல் மாவு. டயர்கள் உருகிப் பொலித்தீனோடு ஒட்டியிருந்தன. கண்ணாடி ஜன்னல்கள் பால் நிறமாகிவிட்டன.

"மத்ததப் பாப்போம்" என்றார் நானா.

மற்றதும் அப்படித்தான். பச்சை லொறியின் கூரை வெடித்து மூன்றாகப் பிளந்து கிடந்தது. நீலக் காரின் கதவு, கீல் வெடித்து, கையோடு வந்தது. ஐந்தாவது பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வெட்டினார். பரீனா ராத்தா, "போதும் வாப்பா" என்றார். அவர் நிறுத்தவில்லை. பதினொன்றையும் திறந்து வரிசையாக வைத்தார். வெள்ளைத் துணி முழுவதும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் துகள்.

"யாரோ தொட்டீக்கி" என்றார் மெல்ல. பிறகு அவரே, "இல்ல. மெழுகு என்ட மெழுகுதான்" என்றார். என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இதத்தானே படிக்கிறீங்க. என்ன நடந்தீக்கி? செல்லுங்க."

நான் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது. அந்தத் தவணையில்தான் உலோக அரிப்பைப் பற்றிப் படித்திருந்தேன். கேட்டவுடன் விடை தெரிந்த கேள்வி வந்தால் எனக்கு வாய் நிற்காது. எங்கள் லயத்திலிருந்து வந்த எனக்கு, தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லும் இடங்கள் அதிகம் வாய்த்ததில்லை. வகுப்பில் எழுந்து நிற்பதுபோல நின்று சொன்னேன்.

"நானா, மழை நாள்ல மூடினீங்கதானே. அந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கிச்சு. ஸ்பொஞ் பழசானா அமிலம் கக்கும். அந்த ஆவி வெளியே போக வழி இல்லாம பெயின்ட்டைத்தான் தின்னும். பூச்சி உருண்டையும் சேர்ந்து பெயின்ட்டை இளக்கிவிட்டிருக்கும். சும்மா ஒரு ராக்கைத் தட்டுல காத்துப்பட வச்சிருந்தா, எப்பவாச்சும் ஒருக்கா எடுத்துத் தொடச்சிருந்தா, இவ்வளவு மோசமா ஆகியிருக்காது. திறக்காம வச்சதுதான் நானா காரணம்."

பரீனா ராத்தா என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

நானா தலையாட்டினார். "சரி" என்றார்.

அடுத்த நாளே நான் பிராயச்சித்தம் தேடி அலைந்தேன். கெட்டம்பே பக்கம் வாகனங்களுக்கு டிங்கரிங், பெயின்ட் வேலை செய்யும் கராஜில் என்னோடு படித்த பையனின் அண்ணன் இருந்தார். "கொண்டு வா, ரெண்டு நாள்ல பளபளன்னு அடிச்சித் தர்றேன். எங்கப்பன் வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டான்" என்றார். ஓடிவந்து நானாவிடம் சொன்னேன்.

"அப்ப அது அவர் தந்த கார் இல்லையே தம்பி. நம்ம கார். நம்ம காரக் குடுத்து அவர்ட காரெண்டு செல்ல ஏலுமா? பாழாக்கினது ஒரு பிழை. மறைச்சா அது களவு."

பிறகு அவர் அலுமாரியைத் திறந்து, பழைய கொப்பித் தாளொன்றை எடுத்து வந்தார். அந்த ஆடி மாதம் அவர் எழுதிய துண்டு. மடிப்புகளில் மஞ்சளாகியிருந்தது, ஆனால் எழுத்து அப்படியே இருந்தது. இடப்பக்கம் பதினொரு வரி. வலப்பக்கம் வெற்று.

"என்ட கை நடுங்குது. ஒங்கட எழுத்து வடிவு. இந்தப் பக்கத்தில இப்ப ஈக்கிற நெலமய எழுதுங்க. கடைசில காரணத்தையும் எழுதுங்க. அண்டைக்குச் செல்லினீங்களே, அதையே."

"வேணாம் நானா."

"எழுதுங்க தம்பி. வாங்கின மாதிரிக் குடுக்க ஏலாட்டி, குடுக்கிற மாதிரியையாச்சும் உண்மையா எழுதிக் குடுக்கணும்."

எழுதினேன். மறுத்திருக்கலாம். எழுத்தைச் சற்றுக் கோணலாக எழுதியிருக்கலாம். காரணத்தைச் சுருக்கி 'காலப்போக்கில்' என்று மட்டும் எழுதியிருக்கலாம். நான் என் அழகான எழுத்தில், ஒரு வரி பிசகாமல், "காரணம்: ஈரத்தோடு காற்றுப் புகாமல் மூடியமை, நாற்பது வருடம் திறந்து பாராமை" என்று எழுதினேன். அந்த இரண்டு 'மை'களையும் போடும்போது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

குமரன் அண்ணை ஒரு பிற்பகல் வந்தார். ஐம்பது வயது, நரைத்த தாடி, கையில் பேரீச்சம்பழப் பெட்டி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மதிலைப் பார்த்தார். மதில் இப்போது உயரமாகிவிட்டது. அந்தப் பக்கம் யாரோ மாடி கட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் செருப்பும் கையுமாக நின்றார். பிறகு உள்ளே வந்து நானாவைக் கட்டிப்பிடித்தார். நானா கட்டிப்பிடிக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்.

"உக்காருங்க. முதல்ல சாமான எடுங்க. பொறகுதான் தேத்தண்ணி."

டின்னை மேசையில் வைத்துத் திறந்தார். பசையைத் துடைத்து, பழைய காகிதத்தின் மேல் வரிசையாக வைத்திருந்தோம். குமரன் அண்ணை குனிந்து பார்த்தார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் அது பத்து வயதுப் பையனின் முகமாகிச் சுருங்கியது. அடுத்த கணமே அவர் சிரித்துவிட்டார்.

"ஓம், ஓம், இவைதான். நான் தரேக்கையே இப்பிடித்தானே நானா கிடந்தது. எல்லாம் உரிஞ்சு, உடைஞ்சு. நான் போட்டு அடிச்ச அடி அப்பிடி. அம்மா ஒவ்வொரு நாளும் பேசுவா."

எவ்வளவு நல்ல பொய். பரீனா ராத்தா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானா அதை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். மற்ற மூன்று பேரும் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றோம்.

நானா சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஒண்டு. சிவப்புக் கார். பெயின்ட் முழுசு. இடது கதவுல நூலளவு கீறல். ரெண்டு. பச்ச லொறி. பெயின்ட் முழுசு. முன் டயர் ஒண்டு தேஞ்சது. மூணு. நீலக் கார். கதவு ரெண்டும் தொறந்து மூட ஏலும்..."

பதினொன்றையும் வாசித்தார். குமரன் அண்ணை ஒவ்வொரு வரிக்கும் அந்தந்தக் காரைக் கையிலெடுத்துப் பார்த்தார். வேறென்ன செய்வதென்று தெரியாதவர் போல. பிறகு நானா வலப்பக்கத்தை வாசித்தார். என் எழுத்தை. என் 'மை'களை. கடைசி வரியை வாசித்து முடித்து, "இது என்ட பிழை. மாப்புத் தரணும்" என்றார்.

குமரன் அண்ணை நீலக் காரின் கதவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நானா, இதை ஏன் மூடி வச்சனீங்கள்?" என்றார். "நான் அண்டைக்குச் சொன்னனான் எல்லோ. மதிலடியில. நாங்கள் வரப் பிந்தி, உங்களுக்குப் பிள்ளையள் பிறந்தா, எடுத்து விளையாடட்டும் எண்டு அம்மா சொல்லச் சொன்னவ எண்டு. உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?"

பரீனா ராத்தா தேத்தண்ணித் தட்டோடு அறை வாசலில் நின்றார்.

நானா கண்ணாடியைக் கழற்றினார். மகளைப் பார்க்கவில்லை. "ஞாபகம் ஈக்கி" என்றார். "அது மரியாதைக்குச் செல்லினது எண்டு நெனச்சேன்."

பரீனா ராத்தா வந்து தட்டை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, வரிசையிலிருந்து மஞ்சள் டக்சிக் காரை எடுத்து மேசையின் மேல் மெல்லத் தள்ளினார். சில்லுகள் சுழலவில்லை. அது உராய்ந்துகொண்டே போனது. போன வழியில் மஞ்சள் துகள் ஒரு கோடாக விழுந்தது. அவர் மறுபடி அதை இழுத்தார், மறுபடி தள்ளினார். முப்பத்தைந்து வயதுப் பெண். நானா எழுந்து உள்ளே போய்விட்டார்.

"தங்கச்சி, அதை நீங்களே வச்சிருங்கோ" என்றார் குமரன் அண்ணை. "இது மரியாதைக்கு இல்லை."

போகும்போது மிச்சம் பத்தையும் அந்த டின்னிலேயே கொண்டுபோனார். துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நானா உள்ளேயிருந்து வந்து, பதினொன்றைப் பத்து என்று திருத்தி, கீழே நிதானமாக, "ஒன்று என் மகளுக்கு அவரே தந்தது" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நானா ஒரு பொருளையும் வாங்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்தவை, அலுமாரிக்குள் இருந்தவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீட்டுச் சாவிகள், யாரோ ஒரு விதவையின் கலியாணச் சேலை, ஒரு பொட்டலம் காணி உறுதிப் பத்திரம். உடையவர்கள் வராவிட்டால் பஸ்ஸேறிப் போய்க் கொடுத்தார். கலஹா பஸ்ஸில் அவரைக் கண்டதாக அம்மா ஒருநாள் சொன்னார். "மடியில ஒரு பெட்டிய வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. நான் பேசினா பேசினாரு. பழைய நானா இல்ல."

தெரியாத ஆட்கள் பையை நீட்டினால் கையைக் கட்டிக்கொள்வார். "வாணாம். எனக்கு வச்சிக்கத் தெரியா" என்பார். பஸ் தரிப்பிடத்திலிருந்து எங்கள் சனம் குழந்தையும் சுமையுமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தது.

என் சான்றிதழ்களும் ஒரு காலையில் திரும்பி வந்தன. மெழுகுதிரியில் ஒட்டிய பொலித்தீனை அவரே வெட்டியிருந்தார். தாள்கள் வெறும் வெள்ளைத் தாளில் சுற்றியிருந்தன. துண்டை வாசித்தார்: துளி ஈரம், ஒரு மடிப்பு. "சரிதானே?" என்று கேட்டார். சரி என்றேன். "மாசத்துக்கு ஒருக்காத் தொறந்து பாருங்க தம்பி" என்றார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு அது தெரியாது. அவர் என் சொல்லை அப்படியே நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

இறுதி வருடத்தில் ஒரு விரிவுரையாளரிடம் அந்தக் கார்களைப் பற்றிச் சொன்னேன். லொறியின் கூரை வெடித்ததைச் சொன்னதும் அவர், "அது மூடி வச்சதால இல்லையே. காரை வார்க்கும்போதே துத்தநாகத்தோட ஈயம் கலந்திருந்தா அது தானாகவே வெடிக்கும். செஞ்ச இடத்துப் பிழை" என்றார். நான் அன்று பின்னேரம் விரிவுரையை விட்டுவிட்டு, பேராதனையிலிருந்து பஸ்ஸுக்கும் காத்திராமல் பாதி வழி நடந்து, பாதி வழி ஓடி, கடைக்குப் போனேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். உலோகம் வெடித்தது உங்கள் பிழை இல்லை நானா, நான் சொன்னது தப்பு, செய்தவன் பிழை, பிறக்கும்போதே அதற்குள் இருந்த நோய்.

நானா வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கவனமாகக் கேட்டார்.

"எத்தன வெடிச்சீந்தது?"

"லொறியும் நீலக் காரும்."

"ரெண்டு" என்றார். "மத்த ஒம்பதும்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இந்தமுறை சொல்லவில்லை. அவர் ஒரு செருப்புப் பெட்டியை இழுத்துப்போட்டு, "உக்காருங்க, ஓடி வந்தீக்கிறீங்க. தண்ணி குடிங்க" என்றார்.

அடுத்த மாசி மாதம், கடையைத் திறக்கப் பூட்டில் சாவியைப் போட்டபடியே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. அப்போது நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். செய்தி கேட்டு வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை, அவருடைய உடலை, பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பரீனா ராத்தாவை ஜன்னலோரம் கண்டேன். ஜன்னல் கட்டையில், வெயில் படும் இடத்தில், ஒன்றும் சுற்றாமல் அந்த மஞ்சள் டக்சி நின்றது. மஞ்சள் என்று சொல்ல அதில் அதிகம் மிச்சமில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். தொழுகைக்கு முன் மௌலவி ஒலிவாங்கியில் பேசினார். அவர்கள் வழமையாகச் சொல்வதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "காலஞ்சென்றவரிடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால், யாருடைய அமானிதமாவது அவர் கையில் இருந்தால், இப்பொழுதே சொல்லுங்கள்" என்றார்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். சனம் ஒருவரையொருவர் பார்த்தது. கூட்டத்தில் பாதிப்பேர் ஒருகாலத்தில் அவரிடம் எதையாவது கொடுத்து வைத்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் திரும்பி வந்துவிட்டது. வீதியில் கலஹா பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. என்னுடையது ஏதாவது ஒன்று, ஒரு குடையாவது, ஒரு பழைய கொப்பியாவது அவரிடம் மிச்சம் இருக்கிறதா என்று நான் அவசர அவசரமாக யோசித்துப் பார்த்தேன், கையை உயர்த்தி, இருக்கிறது என்று சொல்வதற்காக.